மலையில் இருந்த ஒரே சமதரை

கண்ணுகளா,

போன பொங்கலுக்கு நீங்கள் இரண்டு பேரும் மேலே வந்திருந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். "அப்பாவுக்கு முட்டி ஆப்பரேசன் ஆச்சே, அந்த வருசந்தான் நம்மளுக்கு நொம்பக் கஷ்டமான வருசம்" என்று பெரியவள் சொன்னாள். சின்னவளும் ஆமாம் போட்டாள். நான் வெளியே கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தேன். காதில் விழுந்தது. உள்ளே வந்து ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேச வந்தால் பாதியில் நின்றுவிடும். எழுதினால் நின்று நிதானித்து எழுதலாம் என்று இந்த நோட்டை எடுத்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

கஷ்டமான வருஷந்தான், இல்லை என்று சொல்லவில்லை. பத்து வருஷம் ஆகப்போகிறது. ஆனால் இப்போது சாயங்காலம் வாசலில் உட்கார்ந்தால் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருவது அந்த வருஷந்தான். கல்யாணமான வருஷம்கூட அவ்வளவு வருவதில்லை. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

நான் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். நாற்பது அடி சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகை இருபது வருஷம் ஏறிப் பறித்தவன், ஒரு நாள்கூட விழுந்ததில்லை. விழுந்தது எஸ்டேட்டில் நமக்குக் கொடுத்த லைன் வீட்டு வாசலில். மூன்றே மூன்று படி. புரட்டாசி மழை, படியெல்லாம் பாசி, கையில் விறகுக் கட்டு. வலது முட்டி நேராகக் கல்லில் போய் மோதியது. சத்தம் எனக்கே கேட்டது. அன்றைக்கு எஸ்டேட் முழுக்க அதுதான் பேச்சு. "மரத்துல உழுந்திருந்தா ஒரு கௌரவமாச்சும் இருந்திருக்கும்" என்று என்னோடு மிளகு ஏறுகிறவர்கள் சொல்லிச் சிரித்தார்களாம். அவர்கள்தான் என்னைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போய்ச் சேரும்வரை உங்கள் அம்மா என் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். முட்டிச் சில்லு இரண்டாக உடைந்திருக்கிறது என்றார்கள். கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆறு வாரம் காலை நீட்டியே வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது என் கால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. தொடை பாதியாக வற்றிப்போய், முட்டி மட்டும் கொய்யாக்காய் மாதிரி நின்றது.

"படுத்துட்டீங்கன்னா கால் மரக்கட்டை ஆயிடும். தினமும் நடங்க. ஆனா மேடு பள்ளம் ஏறக்கூடாது, படி வேண்டாம். சமதரையா பாத்து நடங்க" என்றார் டாக்டர்.

உங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டருங்க, எங்க ஊர்ல சோத்துத் தட்டுகூட சமமா நிக்காதுங்க."

டாக்டரும் சிரித்தார். "எங்கயாச்சும் இருக்கும், தேடுங்க" என்றார்.

தேடினேன். லைன் வீட்டுச் சந்து ஒரு பக்கம் சாய்வு. நாகலூர் போகிற ரோடு பத்தடி ஏறினால் பத்தடி இறங்கும். காபித் தோட்டத்துக்குள் சொல்லவே வேண்டாம். அதுவரை எனக்கு இந்த மலை மேடு என்று தோன்றியதே இல்லை. ஒரு கையில் தடியை வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் எல்லாப் பக்கமும் என்னைத் தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது.

அந்த வாரந்தான் ரைட்டர் வீட்டுக்கு வந்தார். எஸ்டேட்டில் வேலைக்கு ஆள் எடுத்துப் பேர் போடுகிறவர், நம்மைப் போல ஆட்களுக்கு அவர்தான் எல்லாம். நான்கு ஆரஞ்சு கொண்டுவந்து சின்னவள் கையில் கொடுத்தார். நல்ல மனுஷன். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, "உனக்குத் தெரியும், இந்த ஊடு மிளகு ஏறுற ஆளுக்குன்னு ஒதுக்குனது" என்றார்.

"தெரியுமுங்க."

"செம்மநத்தத்துல இருந்து மிளகு ஏற ஒரு ஜோடி வரோம்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. நான் அவங்ககிட்ட இன்னும் எதுவும் சொல்லலை. தை கடைசியில மிளகு ஆரம்பிக்கறப்ப நீ ஏணியில ஏறிட்டீன்னா ஒரு பேச்சும் கிடையாது. ஏறலைன்னா என்கிட்ட பதில் இல்லப்பா."

அவர் போன பிறகு உங்கள் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "பங்குனியில இவளுக்குப் பரிட்சை."

அவ்வளவுதான் சொன்னாள். பெரியவளே, நீ அப்போது பத்தாவது. காலையில் பஸ் பிடித்து ஏற்காட்டில் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தாய். உங்கள் அம்மா பேர் சீசன் ஆளாகத்தான் இருந்தது, அதற்கு வீடு கிடையாது. இந்த வீடு போனால் தலைச்சோலையில் என் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே ஏழு பேர். அங்கிருந்து உன் பள்ளிக்கூட நேரத்துக்குத் தோதாக பஸ்ஸும் இல்லை. பரீட்சைக்கு ஒரு மாதமே இருக்கும்போது உன்னை எங்கே கொண்டுபோய் விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் நாங்கள் எதையும் சொல்லவில்லை. ஆனால் உனக்குத் தெரிந்துதான் இருந்தது என்று பின்னால் புரிந்துகொண்டேன்.

கார்த்திகையில் காபிப் பழம் பறிக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் தடியை ஊன்றி வாசலில் நின்றபோது கீழே காபிக் களம் கண்ணில் பட்டது. மலைச்சரிவை வெட்டி, கல் பாவி, சிமெண்ட் பூசி, தண்ணீர் மட்டம் பார்த்துக் கட்டின களம். நம் வீட்டிலிருந்து நூறு அடி. இருபது வருஷமாகத் தினமும் அதன் ஓரமாகத்தான் வேலைக்குப் போயிருக்கிறேன். டாக்டர் சொன்ன சமதரை அதுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மெல்ல இறங்கிப் போனேன். களம் முழுக்கச் சிவப்பாகக் காபிப் பழம் பரப்பியிருந்தது. களத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாவை உங்களுக்கு நன்றாகத் தெரியும், நீங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவீர்கள். முறைக்கு நான் அவருக்குக் கொழுந்தன். கேலி பண்ணாமல் அவர் என்னை விட்டதே இல்லை.

"வாங்க கொழுந்தனாரே, மூணு படியில மூணு மாசம் லீவு எடுத்த ஆளாச்சே. இங்க என்ன சோலி?"

"நடக்கணுமுங்க அண்ணி. சமதரை வேணுமாம்."

"நடந்து நடந்து பழத்தையெல்லாம் மிதிச்சு நசுக்கவா? போங்க அங்கிட்டு."

நான் நகரவில்லை. அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். "சும்மா நடக்கறதுக்கு எடமில்ல. காலைத் தேய்ச்சு நடப்பீங்களா?"

அதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். பரப்பின பழம் ஒரே சீராகக் காய வேண்டும். கிளறாமல் விட்டால் அடியில் பூசணம் பிடிக்கும். மரப்பலகை வைத்து இழுப்பார்கள், இல்லாவிட்டால் வெறுங்காலோடு பழத்துக்குள் இறங்கி, காலைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போவார்கள். உழுதது போலக் கோடு விழும். மணிக்கு ஒரு தரம், முதலில் நெடுக்காக, அடுத்த மணியில் குறுக்காக.

மறுநாள் காலையிலிருந்து அதுதான் என் வைத்தியம். தடியைக் களத்து ஓரம் ஊன்றி, உள்ளே காலை வைத்தேன். பழம் ஜில்லென்று இருந்தது. புதுப் பழம் பிசுபிசுவென்று விரல் இடுக்கில் ஒட்டும். நாலு நாளில் தோல் சுருங்கும். பத்து நாளில் காலில் கலகலவென்று சத்தம் போடும். எது எந்த நாள் பழம் என்று கண்ணை மூடிக்கொண்டு காலாலேயே சொல்லிவிடுவேன். புளித்த வாசனை ஒன்று வரும், வெயில் ஏற ஏற வெல்லப்பாகு மாதிரி மாறும். இருபது வருஷம் மர நிழலிலேயே வேலை செய்தவன் நான். பகல் முழுக்க முதுகில் வெயில் பட்டது என் வாழ்க்கையில் அந்த வருஷந்தான் முதல் தடவை.

முதல் நாள் ஒரு கோடு போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரத்தில் பத்துக் கோடு. மாதக் கடைசியில் பாதிக் களம் என்னுடையது. என் வலது கால் மடங்காது அல்லவா, அதனால் அது போட்ட கோடு கயிறு பிடித்த மாதிரி நேராக விழுந்தது. களத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"யக்கா, இங்க பாருங்க, இவரு காலு டிராக்டராட்டம் ஓடுது."

"டீசல் என்ன ஊத்தறீங்கண்ணா?"

"களியும் கீரையும்" என்றேன். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் நான் கோட்டைவிட்டது.

நாலரை பஸ்ஸில் நீங்கள் வந்து இறங்குவீர்கள். பையோடு நேராகக் களத்துக்கே வருவீர்கள். சின்னவள் செருப்பைக் கழற்றிவிட்டு எனக்குப் பின்னாலேயே என் கோட்டுக்குள் ஒரு காலை விறைப்பாக வைத்து இழுத்துக்கொண்டு வருவாள். அப்படியே நான்தான். "அப்பன நக்கல் பண்றியாடி?" என்று உங்கள் அம்மா பறித்த பழச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வரும்போதே கத்துவாள். களமே சிரிக்கும். ஐந்து மணிக்குப் பனி இறங்குமுன் பழத்தைக் குவித்துப் படுதாவைப் போட்டு மூடவேண்டும். படுதாவின் நாலு மூலையை நாம் நாலு பேரும் பிடித்திருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன்னால் நாம் நாலு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்ததே இல்லை. நான் இருட்டும்வரை தோட்டத்தில் இருப்பேன், வந்தால் தூங்கிவிடுவேன்.

மார்கழி பிறந்ததும் மறுபடி சேலம் போனோம். தடி இல்லாமல் டாக்டர் முன்னால் நடந்து காட்டினேன். தலையாட்டினார். "நல்லா நடக்கறீங்க. இப்ப மேல உக்காந்து காலை மடக்குங்க."

மடக்கினேன். கொஞ்சம் போய் நின்றுவிட்டது. பல்லைக் கடித்தேன். அதற்கு மேல் போகவில்லை.

"இவ்வளவுதானா? என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க ஒன்றரை மாசமா?"

சொன்னேன். காலைத் தேய்த்து நடப்பதையெல்லாம் சொன்னேன். கோடு நேராக விழுந்ததையும் சொன்னேன், அசட்டுத்தனமாக.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "முட்டியை மடக்காமலே நடக்கறதுக்கு உங்க காலுக்கு நீங்களே பழக்கம் பண்ணியிருக்கீங்க. நல்லாவும் பழக்கியிருக்கீங்க."

பயிற்சி சொல்லித்தருகிற ஒருவர் அளந்து பார்த்தார். நாற்பத்தைந்து டிகிரி. ஏணியில் ஏற எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். ஏணி எப்படி இருக்கும் என்று அவர் கேட்டார். ஒற்றை மூங்கில், இரண்டு பக்கமும் விட்ட கணுக்கிளையில் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து ஏறவேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நூறு தாண்டணுங்க அண்ணா. ஓடியாட நூத்தி முப்பதாச்சும் வந்தா நல்லது" என்றார்.

பஸ் பத்தாவது வளைவில் திரும்பும்போது உங்கள் அம்மா என் காலைப் பார்த்தாள். பிறகு, "ஏனுங்க, தையில ஏணியிலயும் கோடு போட்டுக்கிட்டே ஏறிருவீங்களா?" என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டோம். உயரமான பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட வேண்டும். இடது பாதத்தால் வலது காலைப் பின்னால் அழுத்த வேண்டும். எண்ணிப் பத்து வரை பிடிக்க வேண்டும். உங்கள் அம்மா வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து முட்டியில் போடுவாள். எவ்வளவு மடங்குகிறது என்று எப்படித் தெரியும்? பெரியவளே, நீதான் உன் கணக்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கண்ணாடி மாதிரி இருக்கிற அரை வட்டத்தை எடுத்தாய். தொடையோடு ஒரு ஸ்கேல், கெண்டைக்காலோடு ஒரு ஸ்கேல், நடுவில் அரை வட்டம். சிம்னி விளக்கில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாய், அன்றைக்குக் கரண்டு இல்லை.

"நாப்பத்தாறு."

"அம்பது இருக்கும், நல்லாப் பாரு சாமி."

"ஏமாத்தாதீங்கப்பா. இடுப்பத் தூக்கறீங்க. சின்னவளே, அப்பா இடுப்பப் புடி."

உன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாய். நாற்பத்தாறு. நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. மறுபடி ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டிலேயே ஆறு நாள் நின்றது. ஏழாவது நாள் நான் பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று சொல்லிப் பாயில் படுத்துக்கொண்டேன். உனக்கு மறுநாள் அரையாண்டுப் பரீட்சை. நீ ஸ்கேலையும் அரை வட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றாய். எவ்வளவு நேரம் நின்றாய் என்று தெரியாது. நான் எழுந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு ஐம்பத்தைந்து.

களத்திலும் விஷயம் பரவிவிட்டது. "இனிமே காலு வேண்டாம், பலகையப் புடிங்க" என்று உங்கள் பெரியம்மா சொல்லிவிட்டார். பலகையை இழுத்துக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் முட்டியைத் தூக்கி மடக்கி வைக்க வேண்டும். நான் சாணியைத் தாண்டுகிறவன் மாதிரி நடந்தேன். கொஞ்சம் அசந்தால் பழைய பழக்கத்தில் கால் இழுக்க ஆரம்பித்துவிடும். உடனே எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்.

"அண்ணா, டிராக்டர் வருது!"

"மடக்குங்க கொழுந்தனாரே, மடக்குங்க. ரைட்டருகிட்ட பேசறப்ப மட்டும் நல்லா மடங்கறீங்கல்ல!"

நாகலூர் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஒரு ஆம்பளை முட்டியைத் தூக்கித் தூக்கி வைக்கிறான், பத்துப் பெண்கள் மடக்கு மடக்கு என்று கத்துகிறார்கள்.

பொங்கலன்று எண்பத்து நான்கு. அதற்குப் பத்து நாள் கழித்துத் தொண்ணூற்றாறு. தை கடைசியில் நூற்றைந்து. பெரியவள் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு நட்சத்திரம் வரைந்தாள்.

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரியாது. "ரைட்டர் களத்து வேலை கொடுத்துட்டாரு, ஊடு இருக்கு" என்று மட்டுந்தான் சொன்னேன். ரைட்டர் மனம் இரங்கிக் கொடுத்ததாகவே நீங்கள் இன்றுவரை நினைக்கிறீர்கள்.

மிளகு ஆரம்பித்த முதல் நாள் நீங்கள் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள். காபி அரைக்கிற ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற மரம். ரைட்டர் நின்றார், கூட ஏறுகிற நான்கு பேர் நின்றார்கள், உங்கள் அம்மாவும் களத்துப் பெண்களும் வந்துவிட்டார்கள். நான் சாக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன். நன்றாகவே ஏறினேன். இடது காலை மேலே வைத்து உன்னி வலது காலைக் கூட்டிக்கொண்டால் போதும், ஏறிவிடலாம். பதினைந்து அடி போய் இடுப்பை மரத்தோடு சேர்த்துக் கட்டி, நாலு சரம் பறித்துச் சாக்கில் போட்டேன். பச்சை மிளகு வாசனை மூக்கில் ஏறியது. கீழே ஒருத்தன் விசில் அடித்தான். எனக்கு எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

இறங்கும்போதுதான் தெரிந்தது. இறங்குவதற்கு வலது முட்டி மடங்கினால் மட்டும் போதாது, மடங்கின நிலையில் முழு உடம்பையும் தாங்க வேண்டும். இடது காலைக் கீழே விட்டேன். வலது முட்டி நடுங்க ஆரம்பித்தது. சாதாரண நடுக்கம் இல்லை, மூங்கிலே ஆடியது. இடது காலை மறுபடி மேலே எடுத்துக்கொண்டேன். திரும்ப முயன்றேன். அதே நடுக்கம். மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கீழே விசில் நின்றுவிட்டது.

"ஏனுங்க" என்று உங்கள் அம்மா கூப்பிட்டாள். "அவசரமில்லீங்க. நின்னுட்டு வாங்க."

இருபது வருஷத்தில் மரத்தில் இருக்கும்போது என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கடைசியில் இரண்டு பேர் பக்கத்து மரத்து ஏணியை எடுத்து வந்து சாத்தினார்கள். ஒருத்தன் ஏறி என் வலது பாதத்தைக் கையால் பிடித்துக் கணுக்கணுவாக இறக்கினான். பதினைந்து அடி இறங்கக் கால் மணி நேரம் ஆனது.

ரைட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வாரம் வேணா பாக்கலாமா?" என்றார். செம்மநத்தத்து ஆட்கள் காத்திருப்பது எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் உங்கள் பெரியம்மா முன்னால் வந்தார். "ரைட்டருங்க, களத்துக்கு நெரந்தரமா ஒரு ஆளு வேணும்னு நான் மூணு வருசமாக் கேக்கறேன். போன வருசம் எத்தனை மூட்டை பூசணம் புடிச்சுது? இந்த வருசம் ஒரு மூட்டை புடிச்சுதா? இந்த மனுசன் மணிக்கு ஒருக்கா கெளறினாரு."

"அது சரி. களத்து ஆளுக்கு எங்க ஊடு இருக்கு?"

"திடீர்னு மழை வந்தா படுதா போட யாரு ஓடி வருவா? லைன் கோடியில இருந்து நாங்க வரதுக்குள்ள நனைஞ்சு போயிரும். இவிய ஊடு நூறு அடி. மிளகு ஏறுறவனுக்கு எந்த ஊடா இருந்தா என்ன, மரம் என்ன ஓடியா போயிரும்?"

ரைட்டர் என்னைப் பார்த்தார். "நான் மேனேஜர்கிட்ட பேசிப் பாக்கறேன். நடக்கும்னுதான் நெனைக்கறேன். ஆனா களத்து ஆளுன்னு பேர் எழுதிட்டா அப்புறம் ஏணி கெடையாது. அடுத்த வருசம் கால் நல்லாயிருச்சு, மறுபடி ஏறுறேன்னு வரக்கூடாது. சரியா?"

இரண்டு வாரம் கேட்டிருக்கலாம். இரண்டு வாரத்தில் அந்த நடுக்கம் நின்றிருக்குமோ என்னவோ. நின்றிருக்காவிட்டால்? நான் மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. உங்கள் அம்மாவையும் பார்க்கவில்லை. "சரிங்க" என்றேன்.

நாலாவது நாள் சம்மதம் வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலந்தான் உங்களிடம் சொன்னோம். "அப்ப இனிமே மரத்துல ஏற மாட்டீங்களா? மேல அணில் கூடு பாத்தேன்னு யாரு வந்து சொல்லுவா?" என்று சின்னவள் கேட்டாள். பெரியவள் புத்தகப் பையை வைத்துவிட்டு ஸ்கேலையும் அரை வட்டத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"உக்காருங்கப்பா. அளக்கணும்."

"இனிமே எதுக்குக் கண்ணு? ஊடுதான் இருக்கே."

"நூத்தி முப்பது வரணும்னு சொன்னாங்கல்ல?"

பரீட்சை முடிகிற வரைக்கும் அளந்தாய். பரீட்சை முடிந்த பிறகும் அளந்தாய். சின்னவள் இடுப்பைப் பிடிப்பாள், அம்மா துணி பிழிவாள். அப்புறம் நீ ஹாஸ்டல், காலேஜ், ஓசூர் வேலை என்று போய்விட்டாய். சின்னவளும் சேலத்துக்குப் போய்விட்டாள். களம் இருக்கிறது, நானும் இருக்கிறேன். இப்போது படுதாவை நானும் உங்கள் அம்மாவும் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடிக்கிறோம். அதனால்தான் சொல்கிறேன், அந்த வருஷத்தைக் கஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

இன்னொன்றும் எழுதிவிட்டு முடிக்கிறேன். இதை உங்கள் அம்மாவிடமும் சொன்னதில்லை.

சம்மதம் வந்த மறுநாள் மத்தியானம், எல்லாரும் சோற்றுக்குப் போன நேரம், ஷெட்டுக்குப் பின்னால் அந்த மரத்தடிக்குப் போனேன். முந்தின நாள்தான் அதில் பறித்து முடித்திருந்தார்கள். பறிக்கும்போது மணிகள் உதிர்ந்து சருகுக்குள் கிடக்கும். ஏறுகிறவன் அதைக் குனிந்து எடுக்க மாட்டான், பின்னால் வருகிற பெண்கள் பொறுக்குவார்கள். நான் இருபது வருஷத்தில் ஒரு மணிகூடப் பொறுக்கியதில்லை. ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, இடது முட்டியைத் தரையில் ஊன்றி, வலது முட்டியை முடிந்தவரை மடக்கி உட்கார்ந்தேன். சருகை விலக்கி ஒவ்வொரு மணியாக எடுத்தேன். இரண்டு கை நிறைய வந்தது. மரத்தைப் பிடித்து எழுந்து, களத்துக்குக் கொண்டுபோய், காபி இல்லாத ஒரு மூலையில் சாக்கை விரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வைத்தேன்.